கம்பத்துச் சிறுவன் வரைந்த வரலாறு



வரலாறு என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவன போர்கள், ஒப்பந்தங்கள், ஆளுநர்களின் பெயர்கள், அவற்றுக்குரிய ஆண்டுகள் ஆகியவையே. ஒரு சிறுவன் ஆற்றில் நீந்தியதும் அப்பாவிடம் தண்டனை பெற்றதும் வரலாறு ஆகுமா? ஆகும் என்று காட்டிய நூல் ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. அதைப் படைத்தவர் ஒரு கேலிச்சித்திரக் கலைஞர். அவர்தாம் லாட்.

முகமது நோர் காலிட் என்பது அவரது இயற்பெயர். 1951ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள், பேராக் மாநிலத்தில் கோப்பேங் அருகேயுள்ள கோத்தா பாரு என்னும் சிற்றூரில் பிறந்தார். இது கிளந்தானின் தலைநகரம் அன்று. கிந்தா பள்ளத்தாக்கில் உள்ள ஊர். உருண்டை முகம் கொண்ட குழந்தையை ‘புலாட்’ என்று அழைத்தனர். அதுவே ‘லாட்’ எனக் குறுகியது. 13 வயதில் அவர் வரைந்த ‘தீகா செக்காவான்’ என்னும் சித்திரக்கதை 1964இல் அச்சேறியது. 1968 முதல் பெரித்தா மிங்கு ஞாயிறு ஏட்டில் அவரது தொடர் வெளிவந்தது. பள்ளிப் படிப்பு முடிந்து கோலாலம்பூருக்கு வந்தவருக்குக் கிடைத்ததோ குற்றச்செய்தி நிருபர் வேலைதான். 1974இல், மலாய்ச் சிறுவர்களின் விருத்தசேதனச் சடங்கை அவர் வரைந்த படங்கள் ஆசியா மேகசின் இதழில் வெளிவந்தன. அதன் பின்னரே நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அவரைச் சித்திரக்காரராக அமர்த்தியது.

பத்திரிகைச் சித்திரம் அன்றன்றைய நடப்பைச் சொல்வது. மறுநாள் அந்தத் தாளில் மீன் மடிப்பார்கள். லாட் அதோடு நிற்கவில்லை. தாம் பிறந்த கம்பத்தைப் பற்றி, தம் சொந்த நினைவுகளைக் கொண்டே ஒரு நூலை வரைந்தார். 1979இல் வெளிவந்த அந்நூலே ‘கம்போங் பாய்’. முதற் பதிப்பாக அச்சிட்ட படிகள் அனைத்தும் சில மாதங்களில் விற்றுத் தீர்ந்தன.

நூலில் அரசர் இல்லை, வீரர் இல்லை. ஒரு குழந்தையின் பிறப்புச் சடங்குகள், குர்ஆன் வகுப்பு, காடு மேடு சுற்றிய நண்பர்கள் ஆகியவையே உள்ளன. ஆயினும் பின்னணியில் பெரிய வரலாறு ஓடுகிறது. ஈயம் தோண்டும் மிதவை இயந்திரம் கழித்துவிட்ட சேற்றைச் சிறுவர்கள் தட்டில் அரித்து ஈயம் எடுக்கின்றனர். அப்பா பாராட்டுவார் என்று எண்ணி அதை வீட்டுக்குக் கொண்டு வருகிறான் சிறுவன்; கிடைத்ததோ தண்டனை. படிப்பை விட்டாய் என்பதே தந்தையின் கோபம். பின்னர் அவன் முயன்று படித்து, ஈப்போவிலுள்ள விடுதிப் பள்ளிக்குத் தேர்வு பெறுகிறான். அந்த நற்செய்தியோடு வீட்டுக்கு ஓடி வந்தால், அங்கே ஈயக் கம்பெனிக்காரர்கள் நிலத்தை அளந்துகொண்டிருக்கின்றனர்! மகன் ஊரை விட்டுப் புறப்படும் வேளையில் ஊரே விலை பேசப்படுகிறது.

1981இல் ‘டவுன் பாய்’ வெளிவந்தது. ஈப்போ நகர வாழ்க்கையும், பிராங்கி என்னும் சீன நண்பனோடு இசை கேட்டு வளர்ந்த நட்பும் அதில் இடம்பெற்றன. இந்நூல்கள் பிற நாட்டு மொழிகளுக்கும் சென்றன. 1994இல் பேராக் சுல்தான் அவருக்கு டத்தோ விருது வழங்கினார்.

நினைவிலிருந்து வரைந்தது எப்படி ஆவணமாகும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நினைவு சிலவற்றை மறக்கும், சிலவற்றைப் பெரிதாக்கும். ஆனால் சுரங்கக் கம்பெனியின் கணக்கேடு எத்தனை ஏக்கர், எத்தனை டன் என்றுதான் சொல்லும். அந்த நிலத்தின் மேல் இருந்த வீட்டையும் அதில் வாழ்ந்தவர்களையும் சொல்லாது. 1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. கம்பத்தை விழுங்க வந்த மிதவை இயந்திரங்களும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கம்பத்தின் அந்த வாழ்வும் போயிற்று, சுரங்கமும் போயிற்று, படம் நிற்கிறது.

நேயர்களே, நான் தோட்டப் பள்ளி ஆசிரியன். ஒருமுறை என் மாணவர்களிடம், “உங்கள் வீட்டை வரையுங்கள்” என்றேன். இரண்டு மலை, நடுவே சூரியன், ஓர் ஆறு, தனியாக ஒரு வீடு! ஏறத்தாழ எல்லாத் தாளிலும் இதே படம். அவர்களுள் பலர் குடியிருந்தது லயத்து வீட்டில். அந்த லயத்தை ஒருவர்கூட வரையவில்லை. வரையத் தகுந்தது அது என்று நாங்கள் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, குற்றம் எங்களுடையது.

பிரட்டுக் களம், ஆயாக் கொட்டகை, கித்தா மர நிரைகள், கோயில் திருவிழா ஆகியவற்றை நேரில் கண்டவர்கள் இன்று மூப்படைந்துவிட்டனர். தோட்டங்கள் பல கைமாறி, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நமக்காக ஒரு லாட் வருவார் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இன்றே உங்கள் தாத்தா பாட்டியிடம் கேளுங்கள்: எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, அடுப்பு எந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் எங்கே? கேட்டதை ஒரு தாளில் வரையுங்கள். கோடு கோணலாக இருந்தால் பாதகமில்லை. ஓரத்தில் பெயரையும் ஆண்டையும் மறவாமல் குறித்து வையுங்கள்.