ஒரே கப்பலில் மாவும் நஞ்சும்

வள்ளூருக்குக் கிழக்கே எண்ணூர்த் துறைமுகம். வடக்கே பொன்னேரி நெல்வயல்கள். கப்பலுக்கும் கழனிக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா?

1958-இல் கேரளத்துக்குக் கோதுமை மாவும் சர்க்கரையும் ஏற்றிவந்த கப்பலில் ‘பாரத்தியான்’ என்னும் பூச்சிகொல்லியும் இருந்தது. அது கசிந்து உணவுப் பொருள்களில் ஊறியது. உண்டவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நரம்புகள் இயங்கத் தேவையான ஒரு நொதியை இந்நஞ்சு முடக்குகிறது. அந்நொதி பூச்சிக்கும் உண்டு, நமக்கும் உண்டு!

விசாரணைக் குழு ஆராய்ந்தது. அதன் தொடர்ச்சியாக 1968-இல் பூச்சிகொல்லிச் சட்டம் பிறந்தது. 1971 விதிகளின்படி புட்டியின் மேல் வண்ண முக்கோணம் வந்தது. சிவப்பு மிகக் கொடிய நஞ்சைக் குறிக்கும்.

தெளிக்கும்போது தோல் வழியாகவும் நஞ்சு புகும். எனவே உடலை மூடிக்கொள்ளுங்கள். மருந்தை அரிசிப் பானையருகே வைக்காதீர்கள். காலிப் புட்டியில் எண்ணெய் வாங்காதீர்கள். கப்பலில் நேர்ந்தது வீட்டிலும் நேரலாம் அல்லவா?