வாசலில் வைத்த காவலாள்

போன மாதம் என் கணினியில் ஒரு கோளாறு. கூகுளில் எதைத் தேடினாலும் பெயர் தெரியாத வேறொரு பக்கம் வந்து நின்றது. விடுமுறைக்கு வந்திருந்த பேரன் உட்கார்ந்து பார்த்தான். "தாத்தா, மழை வருமான்னு சொல்ல ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டீங்களே, அதோட வேலை இது" என்றான். எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசரோடு நாம் சேர்த்துக்கொள்ளும் குட்டி நிரல். தமிழில் நீட்சி என்கிறார்கள். அதைச் சேர்க்கும்போது வந்த அனுமதி வாசகத்தையும் காட்டினான். நான் போகிற எல்லாத் தளங்களிலும் என் விவரங்களைப் படிக்கலாம், மாற்றலாம் என்று இருந்தது. சரி என்று அழுத்தியது நான்தான். குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் குறிப்பைப் படிக்காமல் ஒரு கோப்பிலும் இனிஷியல் போட்டதில்லை. ஓய்வூதியக் கணக்கும் மகளின் கடிதங்களும் இருக்கிற கணினியில் இப்படிச் செய்திருக்கிறேன்.

அன்று இரவு, பள்ளியில் பிரெஞ்சில் படித்த சரித்திரப் பாடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. 'கபினே நுவார்', அதாவது கறுப்பு அறை. பிரான்சை 15ஆம் லூயி ஆண்ட காலத்தில் பாரீஸ் தபாலில் இப்படி ஒரு ரகசியப் பிரிவு இருந்தது. அரக்கு முத்திரையை அச்செடுத்துக்கொண்டு உறையைப் பிரிப்பார்கள்; வேண்டியதை நகல் எடுப்பார்கள்; மறுபடி முத்திரையிட்டு அனுப்பிவிடுவார்கள். கடிதம் பெற்றவருக்கு ஒன்றும் தெரியாது. 1789இல் மக்கள் எழுதிய குறைப் பட்டியல்களில் இந்தப் புகாரும் இருந்தது. மறு ஆண்டு ஆகஸ்ட்டில், கடிதங்களின் ரகசியத்தைக் காப்போம் என்று தபால் ஊழியர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என தேசிய சபை ஆணையிட்டது. அப்படியும் நெப்போலியன் காலத்தில் கறுப்பு அறை வேலை செய்துகொண்டுதான் இருந்தது. உறையைத் தொடுகிற கை எவருடையது என்பதுதான் அங்கே கேள்வி. இணையத்திலும் அதே கேள்விதான்.

இங்கே கதை 1994இல் தொடங்குகிறது. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் இருந்த லூ மோன்டுலி என்ற இளைஞர் 'குக்கீ'யை உருவாக்கினார். கடைக்குள் நுழைந்தவர் கூடையில் என்ன போட்டார் என்பதைத் தளம் மறந்துபோகாமல் இருக்க ஒரு அடையாளச் சீட்டு, அவ்வளவுதான். ஆனால் விளம்பர நிறுவனங்கள் தங்கள் படங்களை ஆயிரம் தளங்களில் வைத்து, போகிற இடமெல்லாம் அதே சீட்டைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொண்டன. பின்தொடர்வது அப்படித்தான் ஆரம்பித்தது.

அதற்குப் பதிலடியாக வந்தவையே பாதுகாப்பு நீட்சிகள். 2002இல் ஒரு டென்மார்க் மாணவர் எழுதிய ஆட்பிளாக், பிறகு 2006இல் வந்த ஆட்பிளாக் பிளஸ். இத்தாலியர் ஜோர்ஜியோ மாவோனே 2005இல் வெளியிட்ட நோஸ்கிரிப்ட், நாம் அனுமதிக்காத எந்த நிரலையும் தளத்தில் ஓடவிடாது. பயர்பாக்ஸ் பிரவுசர் பிரபலமானதில் இவற்றுக்கும் பங்குண்டு.

2010ஐ நான் முக்கியமான வருஷம் என்பேன். அப்போது பெரும்பாலான தளங்கள் அஞ்சலட்டை மாதிரி. வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். முகவரியில் 'எச்டிடிபிஎஸ்' என்று இருந்தால்தான் ஒட்டிய உறை. ஜூன் மாதம் அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷனும் டோர் திட்டமும் சேர்ந்து 'எச்டிடிபிஎஸ் எவ்ரிவேர்' என்ற நீட்சியை வெளியிட்டன. தளத்திடம் உறை இருந்தால் கட்டாயம் உறையிலேயே அனுப்பச் சொல்லும். அக்டோபரில் எரிக் பட்லர் என்பவர் 'ஃபயர்ஷீப்' என்று இன்னொரு நீட்சியை வெளியிட்டார். பூட்டில்லாத வைஃபை உள்ள காப்பிக் கடையில் உட்கார்ந்து ஒரு பொத்தானை அழுத்தினால், பக்கத்து மேஜைக்காரரின் பேஸ்புக் கணக்குக்குள் நுழைந்துவிடலாம். கடவுச்சொல் மட்டும் உறையில் போனது. அதற்குப் பின் அந்தக் குக்கீச் சீட்டு அஞ்சலட்டையில் போனது. அதைப் பிடித்துக்கொண்டால் போதும். திருடுவதற்காக இல்லை, பெரிய நிறுவனங்களை வெட்கப்பட வைக்கவே செய்தார். அவையும் ஒவ்வொன்றாக உறைக்கு மாறின. பூட்டும் கள்ளச் சாவியும் ஒரே பட்டறையில் தயாரானதைப் பாருங்கள்.

இனி காவலாள் விலைபோன கதைகள். ஆட்பிளாக் பிளஸ் 2011இல் 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று சிலவற்றை உள்ளே விட ஆரம்பித்தது. பெரிய விளம்பரதாரர்களிடம் அதற்குக் கட்டணமும் வாங்கியது. 2016 நவம்பரில் நடந்தது இதைவிட மோசம். 'வெப் ஆஃப் டிரஸ்ட்' என்ற நீட்சி, எந்தத் தளத்தை நம்பலாம் என்று சொல்லும். ஜெர்மனியின் என்டிஆர் செய்தியாளர்கள் ஒரு தரவு வியாபாரியிடமிருந்து 30 லட்சம் ஜெர்மானியர்களின் உலாவல் பதிவுகளைப் பெற்று ஆராய்ந்தார்கள். அதில் ஒரு பகுதி இந்த நீட்சியிலிருந்து போயிருந்தது. குறிப்பிட்ட ஆட்களையே அடையாளம் காண முடிந்தது. பயர்பாக்ஸ், குரோம் இரண்டின் நீட்சிப் பட்டியல்களிலிருந்தும் அது எடுக்கப்பட்டது.

'தி கிரேட் சஸ்பெண்டர்' கதை வேறு. திறந்து வைத்த பக்கங்களைத் தூங்கவைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் நல்ல நீட்சி. 20 லட்சம் பேருக்கு மேல் வைத்திருந்தார்கள். 2020இல் அதை எழுதியவர் யாரோ ஒருவருக்கு விற்றார். 2021 பிப்ரவரியில் அதில் தீங்கான நிரல் இருப்பதாகச் சொல்லி கூகுள் முடக்கியது. பெயர் மாறவில்லை, படம் மாறவில்லை, நாம் கொடுத்த அனுமதியும் அப்படியே இருந்தது. முதலாளி மட்டும் மாறிவிட்டார். வீட்டை வாங்கியவருக்குப் பழைய வாடகைதாரரின் சாவியும் சேர்ந்து போன மாதிரி.

எல்லோரும் அப்படியில்லை. கனடாவின் ரேமண்ட் ஹில் 2014இல் யுபிளாக் எழுதினார். மறு ஆண்டு வேலைப்பளு தாங்காமல் வேறொருவரிடம் ஒப்படைத்தார். அங்கே நன்கொடை கேட்பது ஆரம்பமானதும், தன் வழியில் 'யுபிளாக் ஆரிஜின்' என்று தனியாகத் தொடர்ந்தார். நன்கொடை வாங்குவதில்லை என்பதை இன்றுவரை கடைப்பிடிக்கிறார். இப்போது குரோம் தன் நீட்சி விதிகளை மாற்றியதில் அந்த நீட்சிக்கே அங்கே இடமில்லை, சக்தி குறைந்த 'லைட்' வடிவம்தான். பயர்பாக்ஸில் முழுதாகவே ஓடுகிறது.

எச்டிடிபிஎஸ் எவ்ரிவேரின் முடிவு எனக்குப் பிடித்தது. பிரவுசர்களே அந்த வேலையைச் செய்ய ஆரம்பித்ததும், இனி நாங்கள் தேவையில்லை என்று அறிவித்து 2023 ஜனவரியில் ஓய்வு பெற்றது. வேலை நீட்டிப்புக் கேட்காத ஓர் ஊழியரை என் சர்வீசில் நான் பார்த்தது குறைவு.

என் கணினியில் ஏழு நீட்சிகள் இருந்தன. பேரனோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எழுதியவர் யார், எப்போது கைமாறியது என்று பார்த்தோம். மூன்றுக்கு ஒரு பெயர்கூடக் கிடைக்கவில்லை. மழை சொல்வதையும் சேர்த்து ஆறை எடுத்துவிட்டு, பயர்பாக்ஸில் யுபிளாக் ஆரிஜின் மட்டும் வைத்திருக்கிறேன். வங்கிக் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். மழை வருமா என்று மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.