விண்மீன் வெடிப்பு வினைகள்: ஆய்வக அளவீடு

நோவா, சூப்பர்நோவா போன்ற வெடிப்புகளுக்கு ஆற்றல் தரும் அணுக்கரு வினைகளைத் துகள் முடுக்கியில் நிகழ்த்தி, அவை நடக்கும் வீதத்தை அளக்கும் முறை. அணுக்கரு வானியற்பியலின் சோதனைப் பிரிவில் அடங்கும்.

நோவாவில், வெள்ளைக் குள்ளன் துணை விண்மீனிலிருந்து இழுத்த ஹைட்ரஜன் பத்து கோடி கெல்வினுக்கு மேல் சூடேறி வெடிக்கிறது. அங்கு வினைபுரியும் சோடியம்-21இன் அரை ஆயுள் சுமார் 22 விநாடிதான். அதை இலக்குத் தகடாக வைத்துப் புரோட்டானால் தாக்க நேரமில்லை. ஆகவே சோதனை தலைகீழாகிறது: சோடியமே கற்றையாகி ஹைட்ரஜன் வாயுவில் பாய்கிறது. உருவாகும் மக்னீசியம்-22 அணுக்களை, அவற்றைவிடப் பன்மடங்கு மிகுந்த கற்றைத் துகள்களிலிருந்து காந்த, மின்புலங்கள் பிரித்தெடுக்கின்றன. கனடாவின் டிரையம்ஃப் ஆய்வகத்திலுள்ள 'டிராகன்' கருவி இந்த வினையின் வீதத்தை 2000களின் தொடக்கத்தில் அளந்தது. மக்னீசியம்-22 சிதைவதால் நோவாவில் எவ்வளவு சோடியம்-22 விளையும், அதன் காமாக் கதிர் செயற்கைக்கோளுக்குத் தென்படுமா என்ற கணிப்புகள் இந்த வீதத்தைச் சார்ந்தவை.

இந்தியாவில் இத்துறைக்கென்றே அமைந்தது கொல்கத்தா சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தின் 'ஃபிரேனா'. 30 லட்சம் வோல்ட் டேன்டம் முடுக்கி.

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் 1930களில் கணித்த, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கான நிறை வரம்பை வெள்ளைக் குள்ளன் நெருங்கும்போது கார்பன் பிணைவு தொடங்குவது, முதலாம்-ஏ வகைச் சூப்பர்நோவாவுக்கான விளக்கங்களுள் ஒன்று. குறைந்த ஆற்றலில் கார்பன் பிணைவின் வீதம் இன்னும் துல்லியமாக அளக்கப்படவில்லை.