ரீட்டா ஃபரியா

ரீட்டா ஃபரியா பாவெல் (பிறப்பு: 23 ஆகஸ்ட் 1943, பம்பாய்) இந்திய மருத்துவர், 1966-ஆம் ஆண்டின் உலக அழகி. அந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியரும் முதல் ஆசியப் பெண்ணும் அவரே. உலக அழகிப் பட்டம் பெற்றவர்களில் முதன்முதலில் மருத்துவரானவர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு. பட்டத்துக்குரிய ஓராண்டு முடிந்ததும் திரைப்பட வாய்ப்புகளையும் விளம்பர உலகையும் விட்டு, பாதியில் நின்ற மருத்துவப் படிப்புக்குத் திரும்பினார். பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரில் குடியேறினார்.

இளமையும் கல்வியும்

கோவாவைப் பூர்வீகமாகக் கொண்ட கத்தோலிக்கக் குடும்பத்தில், பம்பாயின் மாட்டுங்கா பகுதியில் ரீட்டா பிறந்தார். அப்போது கோவா போர்த்துகீசிய ஆட்சியில் இருந்தது. 1961 டிசம்பரில்தான் இந்தியாவோடு இணைந்தது. பிழைப்புக்காகவும் படிப்புக்காகவும் பம்பாயில் குடியேறிய கோவாக் குடும்பங்கள் ஏராளம். பிள்ளைகளின் படிப்பே அவர்களுக்குப் பெரிய சொத்தாக இருந்தது. ரீட்டாவும் படிப்பில் ஊன்றி நின்றார். 5 அடி 8 அங்குல உயரம் அவரை வகுப்பில் தனித்துக் காட்டியது. பள்ளி நாட்களில் கேலிக்குக் காரணமான அந்த உயரமே பிறகு மேடையில் அவருக்குக் கைகொடுத்தது.

பள்ளிப் படிப்புக்குப் பின் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1845-இல் தொடங்கிய இக்கல்லூரி, பைகுல்லாவிலுள்ள ஜே.ஜே. மருத்துவமனையுடன் இணைந்தது, இந்தியாவின் மிகப் பழைய மருத்துவக் கல்லூரிகளில் ஒன்று. மருத்துவராக வேண்டும் என்பது ரீட்டா தாமாகத் தேர்ந்துகொண்ட இலக்கு. அழகிப் போட்டி அவர் வாழ்வில் குறுக்கிட்டபோது அவர் ஐந்து ஆண்டுகளுக்கு மேலான அந்த நீண்ட படிப்பின் நடுவில் இருந்தார்.

இந்திய அழகிப் போட்டிகளின் முன்கதை

விடுதலை பெற்ற 1947-ஆம் ஆண்டிலேயே 'மிஸ் இந்தியா' பட்டம் ஒருவருக்குக் கிடைத்தது. அவர் பிரமிளா என்ற பெயரில் நடித்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம். 1952-இல் சென்னையில் பிறந்த நடனக் கலைஞர் இந்திராணி ரஹ்மான், கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் நடந்த முதல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் இந்தியாவின் சார்பில் நின்றார். பந்தநல்லூர் சொக்கலிங்கம் பிள்ளையிடம் பரதம் பயின்ற அவரும் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. வாழ்நாள் முழுவதும் நடனத்துக்கே உழைத்தார். 1969-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

உலக அழகிப் போட்டியை 1951-இல் லண்டனில் எரிக் மோர்லி தொடங்கினார். இந்தியா அதில் முதலில் பங்கேற்றது 1959-இல். சென்றவர் ஃப்ளூர் எசெக்கியேல். 1960-களில் பெண்கள் பத்திரிகைகளே போட்டிகளை நடத்தின. 'ஃபெமினா' 1964 முதல் தன் அழகியைத் தேர்ந்தெடுத்துப் பிரபஞ்ச அழகிப் போட்டிக்கு அனுப்பியது. 'ஈவ்ஸ் வீக்லி' தேர்ந்தெடுத்தவர் உலக அழகிப் போட்டிக்குச் சென்றார். இன்றுள்ள பயிற்சி முகாம்களோ ஆடை வடிவமைப்பாளர் குழுக்களோ அன்று இல்லை.

1966: பம்பாயிலிருந்து லண்டனுக்கு

சகோதரியின் தூண்டுதலில், ஏறக்குறைய விளையாட்டாகவே ரீட்டா போட்டிக்கு விண்ணப்பித்தார். முதலில் பம்பாய் அழகிப் பட்டமும், அதைத் தொடர்ந்து ஈவ்ஸ் வீக்லியின் இந்திய அழகிப் பட்டமும் கிடைத்தன. உடனே லண்டன் புறப்பட வேண்டும். கையில் பாஸ்போர்ட் இல்லை; அவசரமாக ஏற்பாடு செய்யப்பட்டது. புடவைகளையும் நகைகளையும் இரவல் வாங்கினார். முந்தைய ஆண்டின் ஃபெமினா அழகி பெர்சிஸ் கம்பாட்டா நீச்சலுடை கொடுத்து உதவினார்.

நாடு அப்போது கடும் அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்தது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, ஒரு டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ரூபாய்க்கு ஏறியிருந்தது. வெளிநாடு செல்பவர் எடுத்துப்போகக்கூடிய தொகை மிகச் சொற்பம். ரீட்டா கொண்டுசென்றது 3 பவுண்டு. அன்றைய கணக்கில் சுமார் 63 ரூபாய். இரவல் நீச்சலுடை அவருடைய உயரத்துக்குப் பொருந்தவில்லை. இருந்த பணத்தைச் செலவழித்துத்தான் லண்டனில் வேறொன்றும் காலணியும் வாங்கினார். வந்திருந்த 51 போட்டியாளர்களில், பெட்டியைத் திறந்தால் இவ்வளவு குறைவாக இருந்தவர் அநேகமாக அவராகவே இருந்திருப்பார்.

1966 நவம்பர் 17 அன்று லைசியம் அரங்கில் இறுதிச் சுற்று நடந்தது. நீச்சலுடைக்கான சிறப்புப் பட்டத்தோடு, புடவை அணிந்து மாலையுடைக்கான பட்டத்தையும் ரீட்டா வென்றார். ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள் என்று நடுவர் கேட்டார். இந்தியாவுக்கு மகப்பேறு மருத்துவர்கள் நிறையத் தேவை என்றார் ரீட்டா. ஏற்கெனவே அங்கே குழந்தைகள் அதிகமாயிற்றே என்று நடுவர் மடக்க, அதைக் குறைப்பதற்கும் மருத்துவர்தான் வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னதாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். பிறப்புக் கட்டுப்பாடு அப்போது இந்திய அரசின் முதன்மைத் திட்டங்களில் ஒன்று. மருத்துவமனை வார்டுகளில் அன்றாடம் கண்டதைத்தான் அந்த மாணவி மேடையில் சொன்னார். அன்றிரவு மகுடம் அவருக்குச் சூட்டப்பட்டது. யூகோஸ்லாவியாவின் நிகிட்சா மரினோவிச் இரண்டாம் இடம் பெற்றார்.

இந்திய அழகிகளுக்கு அது நல்ல ஆண்டு. அதே 1966-இல் பிரபஞ்ச அழகிப் போட்டியில் யாஸ்மின் தாஜி நான்காம் இடத்துக்கு வந்திருந்தார்.

பட்டத்தின் ஓராண்டு

உலக அழகிக்கு ஓராண்டு ஒப்பந்தம் உண்டு. ஏற்பாட்டாளர்கள் சொல்லும் நிகழ்ச்சிகளுக்கும் பயணங்களுக்கும் அவர் செல்ல வேண்டும். ரீட்டாவுக்கு முதலில் வந்த பெரிய சோதனை வியட்நாம். 1966 கிறிஸ்துமஸ் காலத்தில், அமெரிக்கப் படையினரை மகிழ்விக்கச் சென்ற நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்பின் கலைக்குழுவில் அவரும் இடம்பெற்றார். வியட்நாமில் அப்போது மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இருந்தனர்.

இந்தப் பயணம் இந்தியாவில் கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அரசும் இதை விரும்பவில்லை. 1954 ஜெனீவா உடன்பாட்டின்படி அமைந்த பன்னாட்டுக் கண்காணிப்பு ஆணையத்துக்கு இந்தியாதான் தலைமை வகித்தது. அணிசேராக் கொள்கை பேசும் நாட்டின் பெண் ஒரு தரப்புப் படையின் முன் மேடையேறுவது தில்லிக்குச் சங்கடமாக இருந்தது. 23 வயது மாணவிக்கோ ஒப்பந்தம் ஒருபுறம், தாய்நாட்டின் அதிருப்தி மறுபுறம். அழகிப் பட்டம் பெற்றவரின் முகம் அவருக்கு மட்டும் சொந்தமானதல்ல, அதை நாடுகளும் நிறுவனங்களும் பங்குபோட்டுக்கொள்ளும் என்பதை அந்த ஆண்டு அவருக்குக் காட்டியது.

மருத்துவத்துக்குத் திரும்புதல்

ஒப்பந்தம் முடிந்தபோது ரீட்டாவுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. பம்பாய் இந்தித் திரையுலகின் தலைநகரம். படவாய்ப்புகள் தேடி வந்தன. விளம்பரத் துறையிலும் நல்ல வருமானம் இருந்தது. இரண்டையும் மறுத்துவிட்டுப் பாடப்புத்தகங்களிடம் திரும்பினார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். படித்த அவர், பின்னர் லண்டனின் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மேற்பயிற்சி பெற்றார்.

1971-இல் உட்சுரப்பியல் மருத்துவர் டேவிட் பாவெலை மணந்தார். 1973-இல் இருவரும் டப்ளினில் குடியேறினர். அங்கே மருத்துவப் பணியையும் இரு மகள்களின் வளர்ப்பையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டார். அழகிப் போட்டி உலகோடு தொடர்பு முற்றிலும் அறுந்துவிடவில்லை. 1998-இல் ஃபெமினா மிஸ் இந்தியா போட்டிக்கு நடுவராக வந்தார். உலக அழகிப் போட்டியிலும் நடுவர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார்.

இலக்கும் விழுமியமும்

ரீட்டாவின் வாழ்வில் மூன்று உறுதிகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, இலக்கின் வரிசை. மருத்துவம் மகுடத்துக்கு முன்பே வந்தது, மகுடத்துக்குப் பிறகும் நின்றது. இரண்டாவது, ஏற்றுக்கொண்ட கடமையை முடிப்பது. எதிர்ப்பு எழுந்த ஆண்டிலும் ஒப்பந்தக் காலத்தை நிறைவு செய்த பிறகே விலகினார். மூன்றாவது, போதும் என்று சொல்லத் தெரிந்த மனம். புகழ் கதவைத் தட்டும்போது இனி வேண்டாம் என்பதற்கு, அதைத் தேடி அலைவதைவிட அதிகத் துணிவு வேண்டும்.

பின்வந்த வரலாறு

ரீட்டாவுக்குப் பிறகு இந்தியா அடுத்த உலக அழகிப் பட்டத்துக்கு 28 ஆண்டுகள் காத்திருந்தது. 1994-இல் ஐஸ்வர்யா ராய், 1997-இல் டயானா ஹேடன், 1999-இல் யுக்தா முகி, 2000-இல் பிரியங்கா சோப்ரா என்று வரிசையாக வென்றனர். சந்தை திறந்துவிடப்பட்ட அந்த ஆண்டுகளில், மகுடம் திரைக்கும் விளம்பரத்துக்கும் நேர்வழி ஆனது.

போட்டி மீதான கேள்விகளும் கூடவே வளர்ந்தன. 1970-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் பெண் விடுதலை இயக்கத்தினர் மாவுப் பொட்டலங்களை வீசி நிகழ்ச்சியை நிறுத்தினர். மேடையில் அப்போது தொகுப்பாளராக நின்றவர், ரீட்டாவை வியட்நாமுக்கு அழைத்துச்சென்ற அதே பாப் ஹோப். 1996-இல் போட்டி பெங்களூருக்கு வந்தபோது பெரும் போராட்டங்கள் வெடித்தன. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுக்கு மாற்றப்பட்டது. 2015 முதல் அச்சுற்று உலக அழகிப் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது. பெண்ணின் உடலை அளந்து மதிப்பிடுவது சரியா என்ற கேள்வி நியாயமானது. ரீட்டாவின் கதை அதற்கு விடையாகிவிடாது. ஆனால் அந்த அளவுகோலுக்குள் தம்மை அடக்கிக்கொள்ள மறுத்த ஒரு பெண் அதே மேடையில் நின்றிருந்தார் என்பதை அது நினைவூட்டும்.

2017 நவம்பர் 18 அன்று சீனாவின் சான்யா நகரில் மனுஷி சில்லர் உலக அழகியானார். ரீட்டா வென்ற நாளிலிருந்து 51 ஆண்டும் ஒரு நாளும் கடந்திருந்தன. மனுஷியும் மருத்துவ மாணவி. பின்னர் திரைத்துறையைத் தேர்ந்துகொண்டார். அது அவருடைய உரிமை. இலட்சியம் என்ன என்று அழகிகளைக் கேட்பதும், அவர்கள் அழகாகப் பதில் சொல்வதும் போட்டியின் வழக்கம். அந்தப் பதில்கள் பெரும்பாலும் அன்றிரவோடு மறக்கப்படும். மருத்துவராவேன் என்று லைசியம் அரங்கில் சொன்ன பம்பாய் மாணவியோ, நோயாளிகள் காத்திருக்கும் அறைக்குத் திரும்பிவந்து அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.