பால்மரப் பட்டையின் கணக்கு

ரவாங், கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டப் பழகியோருக்கு முதற் பாடம், மரத்தில் காயம் படலாகாது என்பதாகும். உளி ஆழ்ந்துவிட்டால் கங்காணியின் ஏச்சு ஒருபுறமிருக்க, அவ்விடத்துப் பட்டை முண்டு முண்டாகப் புடைத்து, பின்னர் ஒழுங்காகச் சீவ இடங்கொடாது. இதன் காரணத்தை அறிவியல் அறிந்த வரலாறு நீண்டது.

அமேசான் காடுகளில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பாலெடுத்தனர், மரங்கள் உருக்குலைந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பேற்ற ரிட்லி, 1890களில் பட்டையை மட்டும் மெல்லிதாகச் சீவும் முறையை வகுத்தார். பட்டைக்கும் கட்டைக்கும் இடையே கேம்பியம் என்னும் மெல்லிய உயிரணுப் படலம் உண்டு. வெளியே பட்டையையும் உள்ளே கட்டையையும் ஈன்று தருவது அதுவே. அதன்மேல் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுந்த பட்டையை விட்டுவைத்தால், 7, 8 ஆண்டுகளில் மீண்டும் வெட்டத்தக்க புதுப்பட்டை வளரும்.

உயிரணு எப்பக்கமாகப் பிளக்கும்? பெல்ஜிய நாட்டு எர்ரேரா 1886இல் சவர்க்காரக் குமிழியை உவமை காட்டினார். குமிழிப் படலம்போல் மிகக் குறுகிய குறுக்குச் சுவரே எழும் என்றார். கேம்பியமோ இவ்விதிக்கு அடங்குவதில்லை. நீண்டு ஒடுங்கிய அதன் உயிரணுக்கள் நீளவாக்கிலேயே, அதாவது மிகப் பெரிய சுவரை எழுப்பியே பிளக்கின்றன.

1962இல் பிரவுன், சாக்ஸ் என்னும் அமெரிக்கர் இருவர் வேறு மரங்களில் பட்டைக் கீற்றை உரித்து, மேல்முனை ஒட்டியிருக்க விட்டுப் பார்த்தனர். அழுத்தமின்றித் தொங்கிய கீற்றில் உயிரணுக்கள் தாறுமாறாய்ப் பெருகின. அழுத்தி வைத்த கீற்றிலோ வரிசை குலையவில்லை. மூடியிருக்கும் பட்டையின் இறுக்கமே வளர்ச்சிக்கு ஒழுங்கு தருகிறது. பால்மரத்துக் காயம் முண்டாவதன் காரணமும் இதனால் ஓரளவு விளங்குகிறது எனலாம்.

1925இல் நிறுவப்பெற்று, ரவாங்குக்குத் தெற்கே சுங்கை பூலோவில் சோதனைத் தோட்டம் நடத்திய மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இதில் பங்குகொண்டது. பால்குழாய்களுக்குள் உள்ள அழுத்தத்தை அங்குப் பணியாற்றிய பட்டரி, போட்மன் இருவரும் அளந்து 1964இல் வெளியிட்டனர். விடியலில் அது பத்து வளிமண்டல அளவையும் எட்டும். மோட்டார் வண்டிச் சக்கரத்துக் காற்றழுத்தத்தைப்போல் நான்கைந்து மடங்கு! வெயில் ஏற, இலை நீரை இழக்க, அழுத்தம் தணியும். இருட்டிலேயே பெரட்டுக்கு நின்று, தலைவிளக்குடன் நிரைக்குள் நுழைந்தது இதன்பொருட்டே.

இவ்வழுத்தம், சுவரின் இழுவிசை, பிளக்கும் திசை ஆகியவற்றை எண்களாக்கித் திசு வளர்வதைக் கணினித் திரையில் காட்டுகின்றனர். 2011இல் வெளிவந்த 'வர்ச்சுவல்லீஃப்' என்னும் நிரல் அவ்வகையது. பின்னர் கேம்பியத்திற்கும் அது பயன்பட்டது.

ஏடுகளில் ரிட்லியின் பெயர் உண்டு. ஆய்வாளர் பெயர்களும் உண்டு. அந்த ஒரு மில்லிமீட்டரை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் கைப்பழக்கத்தாலேயே காத்த பெண்கள், ஆண்களின் பெயர்கள் பெரும்பாலும் செக்ரோல் புத்தகத்தோடு மறைந்தன. வடசிலாங்கூர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. எஞ்சிய முதிய பால்மரங்களில் மட்டும், புதுப்பட்டை வழவழப்பாய் மூடிய பக்கமும் முண்டு விழுந்த பக்கமும் எந்தெந்த ஆண்டில் எத்தகைய கை உளி பிடித்தது என்பதைக் காட்டி நிற்கின்றன.