இரவு வார்டில் இருப்பவர் யார்?

திருவண்ணாமலைக்காரனான எனக்கு ஆஸ்பத்திரி என்றதும் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரிக்குப் போகாத ஒரு நோயாளிதான். 1949இல் ரமணரின் இடது கையில் வந்த புற்றுக்கட்டிக்கு நான்கு முறை அறுவை நடந்தது, நான்கும் ஆசிரமத்துக்குள்ளேயே. நோயாளியின் இடத்துக்கு டாக்டர் விருந்தாளியாக வந்தார். நமக்கெல்லாம் இது தலைகீழ். கட்டில் நம்பர் விழுந்ததும் நாம் வேறொருவருடைய இடத்துக்குள் போய்விடுகிறோம். அந்த இடம் யாருடையது?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் மருத்துவமனைகளில் நோயாளியின் உடல் மருத்துவப் 'பார்வை'க்குள் எப்படி வந்தது என்பதை ஃபூக்கோ 1963இல் எழுதினார். கட்டில், அறிவை உற்பத்தி செய்யும் களமானது. சரி, பார்த்துவிட்டுப் போன பிறகு? பார்ப்பது வேறு, கூட இருப்பது வேறு.

காலனிய மருத்துவமனைகளில் மேலே இருந்தவர் ஐ.எம்.எஸ். அதிகாரி. அவர் அடிப்படையில் ராணுவ மருத்துவர், தனியார் பிராக்டீஸுக்கும் அனுமதி உண்டு. வார்டின் அன்றாடம் சப்-அசிஸ்டென்ட் சர்ஜன் என்ற இந்தியர் தலையில் விழுந்தது. 1947க்குப் பிறகு ஆட்கள் மாறினார்கள், அடுக்கு மாறவில்லை. காலை ரவுண்ட்ஸ் சீஃபுக்கு, இரவு ஹவுஸ் சர்ஜனுக்கு. பணி நேரத்துக்கு வெளியே சொந்த கிளினிக் நடத்த தமிழக அரசு மருத்துவர்களுக்கு இன்றும் தடையில்லை. பழைய வடஆர்க்காட்டிலேயே இதற்கு மாற்றும் இருந்தது. வேலூர் சி.எம்.சி. தன் மருத்துவர்களுக்குத் தனியார் பிராக்டீஸ் கூடாதென்று வைத்தது.

உள்நோயாளிகளை மட்டுமே கவனிக்கும் மருத்துவருக்கு 1996இல் வாக்டரும் கோல்ட்மனும் 'ஹாஸ்பிட்டலிஸ்ட்' என்று பெயர் வைத்தார்கள். கருணையால் மட்டும் பிறந்த பெயரல்ல. கட்டில் நாட்களைக் குறைத்துச் செலவை மிச்சம் பிடிக்கும் அமெரிக்கக் கணக்கும் அதில் இருக்கிறது. ஆனாலும் அங்கே அது ஒரு துறையாயிற்று. இங்கே அந்த வேலைக்குப் பெயர் 'டூட்டி டாக்டர்'. வேலையின் பெயர்கூட இல்லை, முறையின் பெயர்.

சில வருஷம் முன்னாடி எங்கப்பாவை ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு இழுத்தது. ஓடி வந்த பொண்ணுக்கு இருபத்துமூணு வயசு இருக்கும். "நேத்து காலையிலேருந்து இங்கேதான் சார் இருக்கேன்" என்றாள். ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி நேரம் என மத்திய அரசு 1992இலேயே சொல்லியாயிற்று. அப்பா பிழைத்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது சீஃப் பெயர்.

2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தாவில், இரவுப் பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கப் போன பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டார். கூட இருப்பவருக்குப் படுக்க ஓர் அறையில்லாத இடத்தில், மருத்துவ அதிகாரத்தை விமர்சிக்கும் நாம் யாரைக் குறிவைக்கிறோம் என்பதைக் கொஞ்சம் யோசிக்கணும். நோயாளியின் உரிமையும் அந்தப் பொண்ணின் தூக்கமும் ஒரே கோரிக்கைதான்.