கடல் கடந்த குழந்தை மருத்துவத் தொண்டு: ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு மறுபார்வை

விடுமுறையில் அயல்நாட்டுக் குழந்தை மருத்துவ முகாம் ஒன்றில் சில வாரம் பணியாற்றிவர வேண்டும் என்ற விருப்பம் மருத்துவமும் தாதிமையும் படிக்கும் நம் இளையோரிடம் இருக்கிறது. அதன் நேர்மையை நான் ஐயுறவில்லை. ஆனால் அந்தத் தொண்டால் குழந்தைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்காமல் போற்றிவிடுவதும் சரியாகாது. ஊரோடு தங்கிவிடும் ஒரு நிறுவனத்துக்கு உட்பட்டு, உள்ளூர்ப் பணியாளரின் கையை வலுப்படுத்தும் அளவுக்கே வந்துபோகும் தொண்டூழியம் பயன்படும் என்பது என் வாதம். அந்த அளவுகோலை ஏற்றால், ஆயர் ஈத்தாமில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய குழந்தைகள் பினாங்குத் தீவிலேயே இருக்கிறார்கள்.

பெரியவர்களுக்கான மருத்துவத்தைவிடக் குழந்தை மருத்துவம் தொடர்ச்சியை அதிகம் வேண்டி நிற்கிறது. மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. எடையோ மாதந்தோறும் மாறும். ஒருமுறை நிறுத்துப் பார்த்த எடை, குழந்தை தேறுகிறதா தேய்கிறதா என்பதைச் சொல்லாது. தடுப்பூசிகளுக்கு இடைவெளிக் கணக்கு உண்டு. வயிற்றுப்போக்கில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். உப்புச் சர்க்கரைக் கரைசலை எப்படிக் கலப்பது, நள்ளிரவில் கண் செருகினால் எங்கே தூக்கி ஓடுவது என்று தாய்க்கு அவள் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். முகாம் கலைந்த மறுநாளும் அந்த ஆள் அங்கே இருக்க வேண்டும்.

இதை நன்கு உணர்ந்தவராக நம் மொழியின் வரலாற்றிலேயே ஒருவர் இருக்கிறார். அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, அடுத்த ஆண்டே உள்ளூர் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலையை நாடிப் போக, கிராமங்கள் பழையபடியே வைத்தியரின்றி இருந்தன. அதனால் 1860களில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார். உடற்கூறு, மகப்பேறு, அறுவை மருத்துவம், வேதியியல் என ஆங்கில நூல்களைத் தம் மாணவர்களோடு சேர்ந்து தமிழாக்கினார். கிரேயின் உடற்கூற்றியல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் 1872இல் வெளிவந்தது. மறு ஆண்டு அவர் தாயகம் திரும்பியபோது, அவரிடம் தமிழில் பயின்ற மருத்துவர்கள் யாழ்ப்பாணத்தில் தொழில் நடத்திக்கொண்டிருந்தார்கள். சமயம் பரப்புவதும் அவர் வருகையின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதில் எனக்கு உடன்பாடும் இல்லை. ஆனால் தாம் போன பிறகும் நோயாளிக்கு ஆள் இருக்க வேண்டும் என்று எண்ணியே அவர் வேலை செய்தார். இன்று சில வாரத் தொண்டுக்குப் புறப்படுபவர்களில் எத்தனை பேர் அப்படி எண்ணுகிறார்கள்?

நம் காலத்துச் சான்றுக்குக் கம்போடியாவைப் பார்க்கலாம். ஜப்பானிய ஒளிப்படக் கலைஞர் கென்ரோ இசுவின் முயற்சியில் 1999இல் சியாம் ரீப்பில் எழுந்த அங்கோர் குழந்தைகள் மருத்துவமனை, பயிற்சியளிக்கும் இடமாகவும் வளர்ந்து 2013இல் தன்னாட்சி பெற்றது. கெமர் ரூஜ் ஆட்சிக்கு முன்பே நோம்பென் நகரின் காந்தபோப்பா மருத்துவமனையில் பணிபுரிந்த சுவிஸ் குழந்தை மருத்துவர் பீட் ரிச்னர், 1990களில் திரும்பிவந்து அதை மீண்டும் திறந்தார். உள்ளூர் மருத்துவர்க்கும் தாதியர்க்கும் வாழப் போதுமான ஊதியம் தருவதே அவர் பிடித்த வழி. அயலார் பலர் வந்துபோவதைவிட அந்த ஊதியமே குழந்தைகளுக்குப் பெரிய காப்பு என்று நான் கருதுகிறேன்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பேரிடர் வேளையில் உள்ளூர் நிறுவனமே இடிந்து கிடக்கும். 2004 ஆழிப்பேரலை பினாங்கையும் தாக்கியது. மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள ஆச்சேயில் பேரழிவு. அங்கே மெர்சி மலேசியா போன்ற அமைப்புகள் சென்றது தேவையான தொண்டு. அவசரத்துக்கு உள்ள அந்த நியாயத்தைக் கடன்வாங்கி ஆண்டுதோறும் நடக்கும் விடுமுறை முகாமைச் சரியென்று காட்ட முடியாது. நம் நாட்டில் 1971ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டப்படி பதிவு பெறாதவர் மருத்துவராகத் தொழில் செய்ய இயலாது. பினாங்குப் பொது மருத்துவமனையில் மேற்பார்வையின்றி ஒரு குழந்தைக்கு ஊசி போட அனுமதிக்கப்படாத மாணவர், ஏழை நாட்டில் மட்டும் அதைச் செய்யலாம் என்றால், அந்தக் குழந்தையின் உயிரை நாம் குறைத்து மதிக்கிறோம் என்றுதான் பொருள்.

இனி வீட்டுப் பக்கம். குடியுரிமை உள்ளவருக்கு அரசாங்கக் கிளினிக்கில் வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். அகதிப் பிள்ளைக்கு வெளிநாட்டினர் கட்டணம். ஐநா அகதிகள் ஆணைய அட்டை இருந்தால் அதில் பாதி. ஆவணமற்ற நோயாளிகளைக் குறித்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்கச் சொல்லும் சுகாதார அமைச்சின் 2001ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையோ தாய்மாரின் மனத்தில் அச்சத்தை விதைத்தது. மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை என்பது உண்மை. ஆனால் 1995இல் குழந்தை உரிமை உடன்படிக்கையை ஏற்றது. சில பிரிவுகளுக்கு இன்றும் விலக்கு வைத்திருக்கும் நாடு, நலவாழ்வு உரிமை பேசும் 24ஆம் பிரிவுக்கு விலக்கு கேட்கவில்லை. இளம்பிள்ளைவாதம் 1992க்குப் பின் முதன்முறையாக 2019 டிசம்பரில் சபாவில் ஒரு கைக்குழந்தையிடம் கண்டறியப்பட்டது. தடுப்பூசி எட்டாத குழந்தைகள் எந்த நாட்டவராக இருந்தாலும், கிருமிக்கு வழி திறந்தே இருக்கும்.

பினாங்கின் ரொஹிங்கியாக் குடும்பங்களுக்கும், மலேசியாவில் தஞ்சமடைந்த இலங்கைத் தமிழருக்கும், பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளரும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தொண்டூழியர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு ஊசியைத் தொடவே வேண்டாம். தடுப்பூசி அட்டையைப் பார்த்து அடுத்த தவணையை நினைவூட்டலாம். கிளினிக்குக்குத் துணையாக வந்து மொழிபெயர்க்கலாம். பிறப்புப் பதிவுப் படிவத்தை நிரப்ப உதவலாம். கட்டணத்துக்கு நன்கொடை திரட்டலாம். ஆயர் ஈத்தாமிலிருந்து இதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. மாதந்தோறும் தவறாமல் வருவேன் என்ற வாக்கு வேண்டும். அந்த வாக்கைக் கொடுக்கக்கூடிய மாணவரைத் தேர்ந்து, மேற்பார்வைக்கு உள்ளூர்த் தாதி ஒருவரை அமர்த்தும் பொறுப்பை நம் கல்லூரிகளும் கோயில் சங்கங்களும் ஏற்க வேண்டும்.